கத்தரிக்காய் ஏன் மினுங்குகிறது, கோஸ் ஏன் மங்கிக் கிடக்கிறது?

உழவர் சந்தையில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் அக்கா, ஒவ்வொரு முட்டைக்கோஸையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் அடுக்குவார். "ஏன்க்கா இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன். "இந்த வெள்ளையப் பாத்தா மருந்துன்னு சொல்லி வெச்சுட்டுப் போயிடறாங்க கண்ணு. தொடச்சு வெச்சா எடுத்துக்கறாங்க" என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தன் மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரொம்பப் பளபளன்னு இருக்கு, எண்ணெய் தடவியிருப்பாங்க. வேண்டாம்."

மங்கலாக இருந்தால் மருந்து, மினுங்கினால் எண்ணெய். பாவம், காய்கறி எப்படித்தான் இருப்பது?

குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வாரம் ஒரு வீடியோவாவது இந்த விஷயத்தில் வந்துவிடுகிறது. யாரோ ஆப்பிளைக் கத்தியால் சுரண்டி மெழுகு காட்டுவார்கள்; அதே வேகத்தில் மினுங்கும் காயெல்லாம் கலப்படம் என்று முடிவு கட்டுவார்கள். மெழுகு பூசிய பழங்கள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் செடி தானே தன் உடம்பில் மெழுகு பூசிக்கொள்கிறது என்பதும், அந்த மெழுகு பல காய்களில் பளபளப்பைத் தருவதற்குப் பதில் மறைக்கிறது என்பதும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை.

ஒரே சர்க்கரை, மூன்று தோற்றம்

சமையலறையிலிருந்து தொடங்குவோம். ஒரு கற்கண்டுக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும், பக்கங்கள் மினுங்கும். அதையே உரலில் போட்டு இடித்தால் வெள்ளை மாவு. அந்த மாவையே தண்ணீர் விட்டுப் பாகாக்கி ஜாங்கிரி மேல் ஊற்றினால் மறுபடி பளபளப்பு. மூன்றிலும் இருப்பது ஒரே சர்க்கரைதான். இடிக்கும்போது வெள்ளைச் சாயம் எதையும் நாம் சேர்க்கவில்லையே, வெள்ளை எங்கிருந்து வந்தது?

வெளிச்சம் வழவழப்பான பரப்பில் விழுந்தால் கூட்டமாக ஒரே திசையில் திரும்பும். விளக்கின் பிம்பமே அதில் தெரியும். அந்தப் பிம்பத்தைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். பரப்பு கரடுமுரடாக இருந்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் திருப்பிவிடும். இதற்கு ஒளிச்சிதறல் என்று பெயர். எல்லா நிறமும் கலந்து எல்லாத் திசையிலும் சிதறி வருவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கற்கண்டு மாவின் வெள்ளை அதுதான். பால் நுரையின் வெள்ளையும் அதுதான்.

காயின் மேலிருக்கும் மெழுகு கிட்டத்தட்ட நிறமே இல்லாத பொருள். மெல்லிய படலமாகப் படிந்திருந்தால் ஜாங்கிரிப் பாகுபோல மினுங்கும். நுண்ணிய துகள்களாக நின்றால் கற்கண்டு மாவுபோல வெளுத்துக் காட்டும். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் இருப்பது முதல் வகை. முட்டைக்கோஸிலும் வெண்பூசணியிலும் இரண்டாவது.

சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். அடுத்த முறை வெண்பூசணி வாங்கும்போது கட்டைவிரலை அழுத்தி ஒரே ஒரு இழுப்பு இழுங்கள். விரல் போன பாதையில் சாம்பல் விலகிக் கரும்பச்சைத் தோல் தெரியும். சற்றே மினுங்கவும் செய்யும். கொஞ்சம் மெழுகு விரலோடு வந்துவிட்டது, மிச்சம் நசுங்கித் தட்டையாகிவிட்டது. விரலை மற்ற விரலோடு தேய்த்தால் விபூதிபோல நறநறக்காது, மெழுகுவர்த்தியைத் தொட்ட மாதிரி வழுக்கும்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு சொலவடை உண்டு: "பூசணிக்காய்த் திருடன் யார் என்று கேட்டதும் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டானாம்." தூக்கிப்போன காயின் சாம்பல் தோளில் ஒட்டியிருக்குமோ என்ற பயம். தாவர மெழுகைத் தடயமாக வைத்துச் சொன்ன பழமொழி உலகில் வேறெங்கும் இருக்குமா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இதுவரை: பளபளப்பு தனியாக ஒரு பொருள் இல்லை, பரப்பின் வழவழப்பு. மெழுகு படலமாக இருந்தால் மினுக்கு, பொடியாக நின்றால் சாம்பல்.

ரசத்தில் மிதக்கும் சுருள்

மெழுகு வெறுமனே காயின் மேல் ஒட்டிக்கொண்டில்லை. அதற்குக் கீழே ஒரு தளம் இருக்கிறது.

செடியின் உடம்பை மூடியிருக்கும் உயிருள்ள செல்களின் வெளி அடுக்கைப் புறத்தோல் என்கிறோம். இந்தச் செல்கள் தமக்கு மேலே, காற்றுப் படும் பக்கத்தில், ஒரு தொடர்ச்சியான படலத்தைக் கட்டுகின்றன. அதன் பெயர் கியூட்டிக்கிள். அதில் செல் எதுவும் கிடையாது. நத்தையின் ஓடு மாதிரி, உயிருள்ள செல்கள் செய்து வெளியே தள்ளிய பொருள். பெரும்பாலான இலைகளில் அது சில மைக்ரான்கூடத் தடிமன் இருக்காது (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் மைக்ரான்). தக்காளியில் அதைவிடத் தடிமன்.

தக்காளியின் கியூட்டிக்கிளை நீங்கள் பலமுறை பார்த்திருக்கிறீர்கள். ரசம் கொதித்து இறக்கியபின் மேலே பீடி மாதிரிச் சுருண்டு மிதக்குமே, அந்தத் தோல்தான். புறத்தோல் செல்களும் அவற்றோடு ஒட்டிய கியூட்டிக்கிளும் சேர்ந்தது அது. எவ்வளவு கொதித்தாலும் கரைவதில்லை, வயிற்றிலும் சரியாகச் செரிப்பதில்லை. காரணம், அதன் சட்டகமாக இருக்கும் கியூட்டின் என்ற பொருள். கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னிய வலை அது.

இந்த வலையைக் கூரையாக நினைத்துக்கொண்டால், மெழுகு இரண்டு இடங்களில் இருக்கிறது. கொஞ்சம் வலையின் கண்களுக்குள்ளே புகுந்து அடைத்திருக்கும், இது உள்மெழுகு. மிச்சம் கூரைக்கு மேலே படிந்திருக்கும், இது மேல்மெழுகு. நம் கண்ணில் படுவதும் விரலில் ஒட்டுவதும் மேல்மெழுகு மட்டும். தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பதில் பெரும்பங்கு பல செடிகளில் உள்மெழுகுக்கே. சாம்பல் பூக்காத காயெல்லாம் சீக்கிரம் வாடிவிட வேண்டியதில்லை என்பதற்கு இதுதான் விளக்கம். குடைமிளகாய் பளிச்சென்று இருந்துகொண்டே வாரக்கணக்கில் தாங்கவில்லையா?

செடிகள் தண்ணீரிலிருந்து கரையேறி 45 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. வறண்ட காற்றில் உயிர்வாழ அவை செய்துகொண்ட முதல் ஏற்பாடுகளில் ஒன்று இந்தப் படலம்.

இரண்டிரண்டாகத் தொடுக்கும் மாலை

மெழுகு எங்கே தயாராகிறது? புறத்தோல் செல்லுக்குள்ளேயே.

முதலில் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் கொண்ட சாதாரணக் கொழுப்பு அமிலம் உருவாகிறது. நாம் சமைக்கும் எண்ணெயில் இருப்பதும் இதே அளவுச் சங்கிலிதான். அது எண்ணெயாக ஓடக்கூடியது. வெயிலில் நிற்க வேண்டிய இலைக்கு அது போதாது. அதனால் செல் அந்தச் சங்கிலியை நீட்டத் தொடங்குகிறது. பூக்காரம்மா மல்லிகை தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு பூ, ஒரு முடிச்சு, மறுபடி இரண்டு பூ, ஒரு முடிச்சு. செல்லும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு கார்பனாகச் சேர்க்கிறது. 24, 26, 28 என்று முப்பதைத் தாண்டியும் போகும். சங்கிலி நீள நீளப் பொருள் கெட்டியாகிறது. கடைசியில் அதன் நுனியில் சில மாற்றங்கள் செய்து மெழுகுக் கூறுகளாக்குகிறது. இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி, அதாவது ஒரு வேதிவேலையை நடத்திக்கொடுக்கும் புரதம், தேவை.

செய்து முடித்த மெழுகைச் செல்லின் சவ்விலுள்ள கடத்துப் புரதங்கள் வெளியே தள்ளுகின்றன. செல்சுவரைக் கடந்து, கியூட்டினைக் கடந்து, மேலே வந்து சேர்கிறது. அதன் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே செல்லின் கை எட்டாது. மெழுகு மூலக்கூறுகள் தாங்களாகவே அடுக்கிக்கொள்கின்றன. எந்த வகை மூலக்கூறு அதிகமோ அதைப் பொறுத்துக் குழலாகவோ, தகடாகவோ, குச்சியாகவோ, வெறும் படலமாகவோ ஆகிவிடும். மைசூர்பாகுக்கு வைத்த பாகு ஒரு நிமிஷம் தவறினால் வேறு பதத்துக்குப் போய்விடுகிறதே, அப்படி: கலவையில் சின்ன மாற்றம், மேலே தோற்றமே மாறிவிடும்.

"தாமரை இலைத் தண்ணீர் போல" என்று நாம் பழகிப்போய்ச் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதுதான். தாமரை இலையில் நுண்ணிய முட்டுகள், அந்த முட்டுகளின் மேல் மெழுகுக் குழல்கள். தண்ணீர்த் துளிக்குக் கால் வைக்க இடமில்லாமல் உருண்டு ஓடுகிறது. ஓடும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997-ல் இதை விளக்கி எழுதிய பிறகு 'தாமரை விளைவு' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. சேப்பங்கிழங்கு இலையிலும் கோஸ் இலையிலும் இதே ஆட்டத்தைப் பார்க்கலாம். கோஸுக்கு மருந்தடிக்கிறவர்கள் கரைசலில் காதி சோப்போ ஒட்டும் திரவமோ கலப்பது இதற்காகத்தான். கலக்காவிட்டால் மருந்து முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்துவிடும்.

சுருக்கமாக: புறத்தோல் செல் மெழுகைச் செய்து வெளியே அனுப்புகிறது, அதன் கலவைதான் படலமா பொடியா என்பதைத் தீர்மானிக்கிறது.

மெழுகு செய்யத் தவறிய கோஸ்கள்

மேலே சொன்ன நொதிகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்று வையுங்கள். அதற்கான மரபணுவில் ஒரு எழுத்துப்பிழை. சடுதிமாற்றம் என்பது இதுதான். மாலை பாதியில் நின்றுவிடும். மேல்மெழுகு குறையும், அல்லது குழல்களாக நிற்காமல் படிந்துவிடும். விளைவு, இலை மினுங்கத் தொடங்கும்!

கோஸ், காலிஃபிளவர் வகைகளில் இப்படிப்பட்ட மினுக்குச் செடிகள் அவ்வப்போது முளைப்பதுண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் விளையும் 'கிரீன் கிளேஸ்' என்ற கொலார்டு கீரை (தலை கட்டாத கோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்) எண்ணெய் தேய்த்த மாதிரிப் பளிச்சென்று இருக்கும். மக்காச்சோளத்திலும் இப்படி உண்டு. பார்லியில் கண்ட இத்தகைய செடிகளுக்கு விஞ்ஞானிகள் இலத்தீனில் வைத்த பெயருக்கு 'மெழுகு சுமக்காதது' என்று பொருள். ஆக, பளபளப்பு இங்கே கூடுதல் அலங்காரம் இல்லை. ஒரு குறைபாட்டின் அடையாளம்.

குறைபாடு என்றால் நஷ்டம்தானே? அங்கேதான் கதை திரும்புகிறது. கோஸ் பயிரிடுகிறவர்களின் தலைவலி வைரமுதுகு அந்துப்பூச்சி. எந்த மருந்துக்கும் சில வருஷத்தில் பழகிக்கொள்ளும் பூச்சி. மினுக்குக் கோஸில் இந்தப் பூச்சி குறைவாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழு, சாம்பல் பூத்த இலையில் சீக்கிரம் ஓர் இடம் பிடித்துத் துளைத்துத் தின்னத் தொடங்கும். மினுக்கு இலையில் அது இடம் கொள்ளாமல் அலைகிறது. அலைந்தே பல செத்துப்போகின்றன. போதாக்குறைக்குப் புழுவைத் தின்னும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சு ஆகியவற்றின் கால்கள் மெழுகுப் பொடியில் சறுக்கும்; வழவழ இலையில் நன்றாகப் பிடிமானம் கிடைக்கும். வேட்டையாடுவது சுலபமாகிறது. வெங்காயத்திலும் மினுங்கும் தாள் உள்ள ரகங்களில் இலைப்பேன் குறைவு என்பது 1930களிலேயே பதிவான விஷயம்.

அப்படியானால் எல்லாக் கோஸையும் மினுக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். இலையைத் துளைத்துத் துளைத்துத் தின்னும் தெள்ளு வண்டுக்கு மினுக்குச் செடிதான் விருந்து. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொள்கிறது.

தக்காளியிலோ குழப்பம் இன்னும் அதிகம். வழக்கத்தைவிட மினுங்கும் தக்காளிச் சடுதிமாற்றங்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வுக்குழு ஒன்று 2014-ல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் கியூட்டின் குறைந்தவையும் இருந்தன, கூடியவையும் இருந்தன. பளபளப்பை மட்டும் பார்த்துத் தோல் தடிமனா மெலிசா என்று சொல்ல முடியாது.

ஜப்பானியர் வேண்டாமென்ற வெள்ளைப்பூச்சு

நம் சந்தை அக்காவின் கஷ்டத்தை ஒரு நாடே பட்டிருக்கிறது.

ஜப்பானில் வெள்ளரிக்காய் மேல் மெல்லிய வெள்ளைப்பூச்சு படிவது வழக்கம். காயின் தோலில் உள்ள நுண்ணிய தூவிகளில், அதாவது புறத்தோலிலிருந்து முளைக்கும் மயிர் போன்ற நீட்சிகளில், படியும் பொடி அது. முக்கியமான சங்கதி, இந்தப் பூச்சில் பிரதானமாக இருப்பது மெழுகு இல்லை, சிலிக்கா. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பொருள். செடி வேர் வழியே மண்ணிலிருந்து சிலிக்கானை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. தோலில் அது சிலிக்காவாகப் படிகிறது.

வாங்குகிறவர்களுக்கு அது மருந்துப் படிவாகத் தெரிந்தது. கூடவே, பளபளக்கும் காய்தான் புதுசு என்ற எண்ணமும். அங்கே வெள்ளரியைத் தன் வேரில் வளர்ப்பது குறைவு; பூசணி வகைச் செடியின் வேரோடு கூடிய அடித்தண்டில் வெள்ளரிக் கன்றை ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். வேரைத் தரும் செடிக்கு வேர்ச்செடி என்று பெயர். சில பூசணி வேர்ச்செடிகளில் ஒட்டினால் காயில் வெள்ளைப்பூச்சு வருவதே இல்லை என்று கண்டுகொண்டார்கள். 1980களில் அந்த வேர்ச்செடிகள் பரவின. கடைகளில் கரும்பச்சையாக, வார்னிஷ் அடித்தது போன்ற வெள்ளரிகள் நிறைந்தன. எல்லாருக்கும் திருப்தி.

வேர் மாறினால் காயின் தோல் எப்படி மாறும்? இதற்கு விடை 2011-ல் கிடைத்தது. ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜியான் ஃபெங் மா குழுவினர் (நெல் வேரில் சிலிக்கானை உள்ளே இழுக்கும் புரதத்தை 2006-ல் கண்டுபிடித்ததும் இவர்களே) இரண்டு வகைப் பூசணி வேர்களையும் ஒப்பிட்டார்கள். சிலிக்கானுக்கு வாசற்கதவாக இருக்கும் புரதம் இரண்டிலும் உண்டு. பூச்சு வராத வகையில், அந்தப் புரதத்தின் நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது. அந்த ஒன்றால் புரதம் செல்லின் வாசலுக்கு வந்து சேராமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. கதவில்லை, சிலிக்கான் வரவில்லை, காயில் பொடி இல்லை.

திருப்திக்கு விலை இருந்தது. சிலிக்கான் வெள்ளரிக்குப் பூஞ்சையைத் தாங்கும் பலம் தருகிற பொருள். பளபளப்பு வேர்ச்செடியில் வளர்ந்த வெள்ளரி ஒரு நோய்க்குச் சுலபமாக ஆளானது. அந்த நோய்க்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? சாம்பல் நோய். காயிலிருந்த நல்ல சாம்பலை வேண்டாமென்று சொல்லி இலையில் கெட்ட சாம்பலை வரவழைத்த கதை. பளபளப்பு வெள்ளரிக்குத் தோல் சற்றுக் கடினம் என்றும், பழைய பூச்சுக் காய்தான் ருசி என்றும் சொல்லி அதையே தேடிப்போகிறவர்கள் ஜப்பானில் இன்றும் உண்டு.

கத்தரிக்காயின் மினுக்கு எங்கிருந்து வருகிறது

கத்தரிக்காய் மெழுகைப் படலமாக வைத்திருக்கிறது என்று முன்பே சொன்னேன். ஆனால் அது பாதிதான். படலம் எதன் மேல் படிந்திருக்கிறது என்பதும் முக்கியம். சுருங்கிய துணிமேல் எவ்வளவு மெலிசான கண்ணாடித்தாள் போர்த்தினாலும் மினுங்காது.

காய் வளரும்போது உள்ளே இருக்கும் செல்கள் தண்ணீரை இழுத்துப் புடைத்துக்கொண்டு வெளியே தள்ளுகின்றன. இந்தத் தள்ளலுக்கு விறைப்பழுத்தம் என்று பெயர். காற்றடித்த பலூன்போலத் தோல் இழுபட்டு நிற்கிறது. அதனால்தான் பிஞ்சும் பதமான காயும் மினுங்குகின்றன. காய் முற்றும்போது வளர்ச்சி நின்றுபோகிறது, விதை கெட்டிப்படுகிறது, தோல் மங்கித் தவிட்டு நிறம் காட்டத் தொடங்குகிறது. கத்தரியைப் பொறுத்தவரை பாட்டிமார் சொல்வது சரி: மினுக்குப் போனால் முற்றல். விதை பல்லில் படும்.

பறித்து வைத்த காய் மங்குவது வேறு கணக்கு. அது முற்றியதால் இல்லை, தண்ணீர் இழந்ததால். பலூனில் காற்று இறங்கினால் சுருக்கம் விழுமே, அதுபோலக் கண்ணுக்கு உடனே தெரியாத நுண்சுருக்கங்கள் முதலில் விழுகின்றன, பிம்பம் கலைகிறது. தோல் வழியாகப் போகும் தண்ணீர் கொஞ்சம்தான். கத்தரியில் பெரும்பகுதி பச்சைத் தொப்பி வழியாகவும், தக்காளியில் காம்பு கழன்ற வடு வழியாகவும் போகிறது. கடைக்காரர் தண்ணீர் தெளித்து வைத்த காய் மினுங்குவது மூன்றாவது கணக்கு. அது காயின் சாமர்த்தியமும் இல்லை, கடைக்காரரின் மோசடியும் இல்லை. ஈரமான சிவப்புச் சிமெண்ட் தரை மினுங்குவதைப் போலத்தான்.

வெயில் தந்த கவசம்

ஒரே ரகச் செடியிலும் மெழுகு ஒரே அளவில் இருக்காது. நல்ல வெயில், வறண்ட காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு ஆகியவை மெழுகைக் கூட்டுகின்றன. ஈரமும் நிழலும் குறைக்கின்றன. காற்றில் இலையோடு இலை உரசினாலும் மழை அடித்தாலும் மேல்மெழுகு தேயும். இளம் இலையாக இருந்தால் மறுபடி பூசிக்கொள்ளும், முதிர்ந்த இலைக்கு அந்தத் தெம்பு குறைவு.

இதைக் கண்கூடாகப் பார்க்கச் சிறந்த இடம் திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள் விற்கும் நர்சரி. கண்ணாடிப் புட்டிக்குள், எப்போதும் ஈரமான காற்றில் வளர்ந்த கன்று மெழுகு பூசக் கற்றிருக்காது. அதை நேராக எடுத்து வயலில் நட்டால் ஒரே பகலில் துவண்டுவிடும். அதனால் முதலில் ஈரம் மிகுந்த கூடாரம், பிறகு நிழல்வலை, பிறகு வெயில் என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். பதப்படுத்துதல், கடினப்படுத்துதல் என்றெல்லாம் சொல்லும் அந்த வாரங்களில் கன்று செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று, கியூட்டிக்கிளையும் மெழுகையும் கட்டிக்கொள்வது. வளர்ந்த வாழையில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் விரலை ஓட்டினால் வெள்ளைப் பொடி ஒட்டும். சாப்பாட்டுக்கு இலை போடும்போது நாம் யாரும் அதை மருந்து என்று சொல்வதில்லை!

அப்போ மருந்தும் கலப்படமும் பொய்யா?

பொய்யில்லை. பழங்களுக்குத் தேன்மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு, அரக்குப் பூச்சியிலிருந்து வரும் ஷெல்லாக் ஆகியவற்றை லேபிளில் குறிப்பிட்டுப் பூச இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் ஆயில் கூடாது. பழத்தைக் கழுவும்போது அதன் சொந்த மெழுகு கொஞ்சம் போய்விடும், அதை ஈடுகட்டவே இந்தப் பூச்சு. பச்சை மிளகாய்க்கும் வெண்டைக்கும் மாலக்கைட் கிரீன் என்ற சாயம் ஏற்றுவது நிஜமான கலப்படம். பாரஃபின் திரவத்தில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்த்தால் பஞ்சு பச்சையாகும்.

வெள்ளைப் பொடியைப் பொறுத்தவரை, செடியின் சொந்தச் சாம்பல் சீராகப் படர்ந்திருக்கும். இலையும் இலையும் உரசிய இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். தெளித்த மருந்து காய்ந்த தடம் துளித்துளியாக, வட்டக் கறையாக, தண்ணீர் வடிந்து நிற்கும் ஓரங்களில் அதிகமாகத் தெரியும். ஆனால் இதை வைத்து நிம்மதியடைந்துவிடவும் முடியாது. பல மருந்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றில் எண்ணெயில் கரையும் வகைகள் மெழுகுக்குள் ஊறிவிடும், வெறும் தண்ணீருக்கு முழுதாக வராது. வெள்ளை இருப்பதும் இல்லாததும் மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது, கோஸானால் வெளி இலைகளை உரித்துப் போடுவது ஆகியவை இரண்டுக்கும் பொது.

துடைக்கும் துணி

அக்காவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன், இத்தனை விரிவாக இல்லை. "அப்ப தொடைக்கக் கூடாதுங்கறயா?" என்றார். கோஸைப் பொறுத்தவரை பெரிய நஷ்டமில்லை. அன்றைக்கே விற்றுவிடும், மேலிலை எப்படியும் குப்பைக்குப் போகிறது. வாரக்கணக்கில் வைக்கிற காயானால் துடைக்காமல் இருப்பது நல்லது என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் துணியைப் பிழிந்து அடுத்த கோஸை எடுத்தார். அவர் காலடியில் வெண்பூசணிகள் ஐந்தாறு கிடந்தன, திண்ணையில் மாவு கொட்டிய மாதிரிச் சாம்பலோடு. அவற்றின் மேல் துணி படவே இல்லை. ஏனென்று கேட்டேன். "சாம்பல் கொட்டுச்சுன்னா பிஞ்சுன்னு சொல்லி ஒருத்தரும் தொடமாட்டாங்க, கண்ணு."